வெட்டி எறிந்த பிரேமுக்கும் உழைக்கும் கம்ப்யூட்டர்

இந்த மாதக் கடைசியோடு பல குறும்படப் போட்டிகளுக்கு நுழைவு முடிகிறது. முகூர்த்த சீசனில் எடுத்த கல்யாண வீடியோக்களைக் கேட்டு வீட்டுக்காரர்களும் போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நெருக்கடியும் சேர்ந்துகொண்டதில், இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன. 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டதும் திக்கித் திக்கி ஓடுகிறது, சத்தம் மட்டும் போகிறது, படம் அப்படியே நிற்கிறது. ராம் கூட்டியாயிற்று, கடன் வாங்கி கிராபிக்ஸ் கார்டும் மாற்றியாயிற்று, பலன் இல்லை என்று எழுதுகிறார்கள். "புரோரெஸ்ஸுக்கு மாற்றிவிடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றியவர்களின் கடிதம் வேறு மாதிரி: ஒரே கல்யாணத்தில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது.

எழுதியவர்கள் எல்லோரும் தினமும் எடிட் செய்கிறவர்கள். அதனால் கோடெக் என்றால் என்ன, 4கே என்றால் எத்தனை புள்ளி என்பதையெல்லாம் விட்டுவிட்டு, சிக்கல் பிறக்கும் இடத்துக்கே போகலாம்.

ஒரு பிரேமைக் காட்ட எத்தனை பிரேம் வேண்டும்?

"இதே கிளிப் விஎல்சியில் வழவழவென்று ஓடுகிறது, எடிட்டிங்கில் மட்டும் ஏன் நிற்கிறது?" வந்த கடிதங்களிலேயே சரியான கேள்வி இதுதான். பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

கேமராவிலும் போனிலும் இருக்கும் ஹெச்.264, ஹெச்.265 முறைகள் ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒரு பிரேம் முழுதாக இருக்கும். அடுத்து வரும் பிரேம்களில், முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் இருக்கும். முழுப் படமும் அதைத் தொடரும் மாற்றங்களும் சேர்ந்தது ஒரு குழு. கடைக்காரரின் கணக்கு நோட்டைப் போல: ஒன்றாம் தேதி கையிருப்பு எழுதப்பட்டிருக்கிறது, அதன்பின் வரவு செலவு மட்டுமே. இருபதாம் தேதி கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

விநாடிக்கு 25 பிரேம், ஒரு விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று மிக எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். முதலிலிருந்து நேராக ஓடவிட்டால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பிரேமும் விரியும்போது அடுத்ததற்கு வேண்டியது கையில் தயாராக இருக்கும். விஎல்சி செய்வது அவ்வளவுதான். எடிட்டர் அப்படியா வேலை செய்கிறார்? இருபதாவது பிரேமில் பிளேஹெட்டை வைக்கிறார். அந்த ஒரு படத்துக்காக இருபதையும் விரித்தாக வேண்டும். பிறகு அந்த விநாடியின் கடைசிக்குப் போய், பிரேம் பிரேமாகப் பின்னால் நகர்கிறார். 25-வது பிரேமுக்கு 25 முறை, 24-வதுக்கு 24 முறை என்று அந்த ஒரு விநாடியைப் பின்னோக்கிப் பார்த்து முடிக்க மொத்தம் 325 பிரேம் விரிக்கும் வேலை. ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படமாக இருந்தால் அதே வேலை 25.

இது போதாதென்று, பின்னால் வரப்போகும் பிரேமையும் பார்த்து எழுதப்பட்ட பிரேம்கள் வேறு உண்டு. அவற்றைக் காட்ட, இன்னும் திரைக்கு வராத படத்தை முன்கூட்டியே விரித்து வைத்திருக்க வேண்டும்.

325 என்பது மோசமான நிலை. எடிட்டிங் மென்பொருள் ஒருமுறை விரித்த பிரேமை ராமில் வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் விலை இருக்கிறது. கலர் கரெக்‌ஷனுக்காக 32 பிட்டில் விரித்த ஒரு 4கே பிரேம் சுமார் 133 எம்பி. ஒரு விநாடிக்கு 3.3 ஜிபி. மூன்று கேமராவை ஒரே நேரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட 10 ஜிபி. 16 ஜிபி ராம் எங்கே போகிறது என்று எழுதிய வாசகருக்கு இந்தக் கணக்கே பதில்.

இப்போது மாங்கல்யதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் தொடங்கிய அந்தச் சில விநாடிகளுக்குள் மாப்பிள்ளையின் கை, பெண்ணின் முகம், அட்சதை விழும் வைட் ஷாட், அம்மாவின் கண்கள் என்று எடிட்டர் மாற்றி மாற்றி வெட்டுகிறார். வெட்டு விழும் இடம் பெரும்பாலும் குழுவின் நடுவில்தான் இருக்கும். அட்சதை ஷாட்டை 18-வது பிரேமிலிருந்து எடுத்திருந்தால், அவர் வேண்டாம் என்று தள்ளிய முதல் 17 பிரேமையும் கம்ப்யூட்டர் விரித்தே தீரவேண்டும். அடுத்த வெட்டு அரை விநாடியில் வந்துவிடுகிறது, அங்கேயும் அதே கதை. வேகமாக வெட்டிய மூன்று நிமிட ஹைலைட்ஸ் திணறுவதும், ஒரே ஷாட்டாக ஓடும் இரண்டு மணி நேர ரிசப்ஷன் திணறாததும் இதனால்தான். கேமராவும் கம்ப்யூட்டரும் பழுதில்லை. பார்ப்பதற்காகச் சுருக்கிய ஒன்றை வெட்டுவதற்காகப் பயன்படுத்துகிறோம்.

இது இன்று முளைத்த தொல்லையும் இல்லை. 2003-ல் வந்த ஹெச்டிவி முறை, மினிடிவி டேப்பிலேயே விநாடிக்கு 25 மெகாபிட்டில் உயர்தெளிவுப் படத்தை அடைத்தது. நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 12 பிரேமுக்கு ஒரு குழு. அன்றைய கம்ப்யூட்டர்கள் அதற்கே மண்டியிட்டன. எடிட்டிங்குக்கென்றே தனி கோடெக்குகள் பெருகியது அந்த ஆண்டுகளில்தான்: 2004-ல் ஆவிடின் டிஎன்எக்ஸ்ஹெச்டி, 2005-ல் ஆப்பிளின் இன்டர்மீடியட் கோடெக், 2007-ல் புரோரெஸ், இன்னொரு பக்கம் கலிபோர்னியாவின் சினிஃபார்ம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. எந்த பிரேமும் இன்னொரு பிரேமை நம்பி இருக்காது. இதற்குள் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். புரோரெஸ் ஒரு பிரேமையே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. எட்டு கோர் உள்ள பிராசஸர் எட்டுத் துண்டை ஒரே நேரத்தில் விரிக்கலாம். சினிஃபார்ம் இன்னும் ஒரு படி மேலே போனது. அலைக்கூறு முறையில் படத்தைப் பிரிப்பதால், பெரிய படத்துக்குள் பாதி அளவுப் படமும் கால் அளவுப் படமும் அப்படியே அடங்கியிருக்கும். சிறிய ஜன்னலில் பார்க்கும்போது முழுவதையும் விரித்துவிட்டுச் சுருக்க வேண்டியதில்லை, வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புது கார்டு ஏன் கைகொடுக்கவில்லை?

கார்டின் அட்டைப்பெட்டியில் "4கே ஹெச்.265 ஆதரவு" என்று இருந்ததாம். இருந்திருக்கும். ஆனால் ஹெச்.265-க்குள்ளேயே பல உட்பிரிவுகள் உண்டு. 2020-ல் வந்த சோனி ஏ7எஸ் 3, கேனான் ஆர்5 தொடங்கி, இப்போது கல்யாணத்துக்கு வரும் பல கேமராக்கள் 10 பிட், 4:2:2 வண்ணத்தில் பதிகின்றன. என்விடியா கார்டுகளில் இந்த 4:2:2-ஐ நேரடியாக விரிக்கும் வசதி 2025-ல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த ஃபுட்டேஜை விரிக்க உதவாது, சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். அதே வேலையை இன்டெல்லின் 11-ம் தலைமுறை பிராசஸரில் உள்ள சாதாரண உள் கிராபிக்ஸே செய்துவிடும். பெயர் எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸரில் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கிய எடிட்டர்கள் இதைத்தான் இழந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் "ஆதரவு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம். எந்த பிட், எந்த வண்ணப் பிரிவு என்று எழுத ஒரு வரி போதும்.

"கண்ணுக்கு இழப்பில்லை" என்ற சான்றிதழ்

புரோரெஸ் போன்ற எடிட்டிங் கோடெக்குகளுக்கு நிறுவனங்கள் தரும் விளக்கம், பார்வைக்கு இழப்பில்லாதவை என்பது. நான் தரும் விளக்கம் வேறு: இழப்பு உண்டு, சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாத அளவுக்கு உண்டு. க்ரீன் மேட் எடுக்கும்போது முடியின் ஓரத்திலும், நிறத்தை முரட்டுத்தனமாக இழுக்கும்போது நிழல் பகுதியிலும் அது தலைகாட்டலாம். யாருடைய கண், எந்தத் திரை, எத்தனை முறை மாற்றிய பிறகு என்று சொல்லாத வரை அந்த வாக்கியம் விற்பனை வாக்கியம்தான்.

இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை, மாற்றினால் தரம் கூடும் என்பது. போன் 8 பிட்டில் பதிந்ததை புரோரெஸ் ஹெச்க்யூவாக மாற்றினால் கோப்பு பெருக்கும், கேமரா விட்டுவிட்ட நிறம் திரும்பி வராது. கூடுவது வேகம் மட்டுமே.

அந்த வேகத்துக்கு என்ன கொடுக்கிறோம்? விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்த 4கே ஃபுட்டேஜ் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதையே 25 பிரேம் புரோரெஸ் 422 ஆக்கினால், ஆப்பிளின் சொந்தக் கணக்குப்படி விநாடிக்கு 492 மெகாபிட், மணிக்கு 221 ஜிபி. மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் நான்கு டிபி. இத்தோடும் முடியவில்லை. மூன்று கேமராவை ஒருசேர ஓட்ட விநாடிக்கு 184 எம்பி வேண்டும், சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கால் அதைத் தர இயலாது. மாற்றிய பிறகும் திக்குகிறது என்று எழுதியவர்களின் சிக்கல் அநேகமாக இதுதான். பிராசஸரின் சுமையை இறக்கி டிஸ்க்கின் மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

கல்யாண வேலைக்கு எல்லாவற்றையும் முழு அளவில் மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. ப்ராக்ஸி போதும். ஒரிஜினலைத் தொடாமல், 1080 அளவில் ஒரு இலகுவான நகலை மட்டும் உருவாக்கி அதில் வெட்டுங்கள். புரோரெஸ் ப்ராக்ஸி அந்த அளவில் மணிக்கு 17 ஜிபிதான். ஆவிட் வகை வேண்டுமென்றால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி. கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் ஒரிஜினலுக்குத் திரும்பிவிடும். முழு அளவு மாற்றத்தை, குறும்படத்தில் கலர் கரெக்‌ஷனும் கிராபிக்ஸும் பலர் கை மாறும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராக்ஸியில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. பல கேமராக்கள் கார்டை ஃபார்மேட் செய்ததும் சி0001 என்று எண்ணைத் திரும்பத் தொடங்கும். இரண்டு கேமரா, நான்கு கார்டு என்றால் ஒரே பெயரில் நான்கு கோப்பு. ஃபோல்டர்கள் இடம் மாறிய பிறகு திரும்ப இணைக்கும்போது, முகூர்த்த ஷாட் இருக்க வேண்டிய இடத்தில் பந்தி ஷாட் வந்து உட்காரும். 1080-ல் சரியாக இருந்தது, இறுதிக் கோப்பில் மாறிவிட்டது என்று வந்த புகார்களுக்கும் காரணம் இதுவாக இருக்கலாம். கார்டிலிருந்து இறக்கியவுடன், எடிட்டிங்கைத் திறக்கும் முன்பே, தேதி, கேமரா, கார்டு எண் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். ப்ராக்ஸி உருவான பிறகு பெயரைத் தொடாதீர்கள். ப்ராக்ஸியின் பிரேம் விகிதமும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும். பிரீமியரில் சேனல் எண்ணிக்கை மாறினால் இணைக்கவே விடாது.

போனில் எடுத்ததற்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. போன்கள் பிரேம் விகிதத்தை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கும். நாதஸ்வரக்காரரின் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று லிப் சிங்க் மெல்ல நழுவுவது இதனால். இந்தக் கிளிப்களை மட்டும் நிலையான பிரேம் விகிதத்தில் முழு அளவிலேயே மாற்றி, அதையே ஒரிஜினலாக வைத்து எடிட் செய்யுங்கள்.

மற்றக் கேள்விகள்

விண்டோஸில் புரோரெஸ் உருவாக்க முடியுமா? முடியும், அடோபி மென்பொருள்களில் 2018 கடைசியிலிருந்து அந்த வசதி உண்டு.

இலவச எஃப்எஃப்எம்பெக் மூலம் உருவாக்கிய புரோரெஸ் சரியா? ப்ராக்ஸிக்குத் தாராளமாகப் போதும், ஆனால் ஆப்பிள் அதை அங்கீகரிப்பதில்லை என்பதால் டெலிவரிக்குக் கொடுக்கும் முன் வாங்குபவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐபோனில் நேரடியாக புரோரெஸ்ஸிலேயே எடுத்தால்? 4கே-யில் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி என்று ஆப்பிளே சொல்கிறது, குறும்படத்துக்கு யோசிக்கலாம், கல்யாணத்துக்கு வேண்டாம்.

சினிஃபார்மில் சேமித்த பழைய வேலைகளைத் திறக்க முடியவில்லை. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய குயிக்டைம் கோடெக்குகளைக் கைவிட்டது. கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும், எஃப்எஃப்எம்பெக் அவற்றைப் படிக்கும். சினிஃபார்மின் மூலநிரலையும் கோப்ரோ 2017-ல் திறந்துவிட்டது.

போட்டிக்கு எந்தக் கோப்பை அனுப்புவது? நுழைவு விதியில் கேட்டதை, அதில் ஹெச்.264 என்று இருந்தால் புரோரெஸ் அனுப்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் ப்ராக்ஸியை அழிக்கலாமா? அழிக்கலாம், ஒரிஜினல் இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகு.