பஸ் ஸ்டாப் வரை போவது எப்படி?

(நமது ஜனக்புரி நிருபர்)

காலை ஏழேகால் மணிக்கு ஜனக்புரி 'சி' பிளாக் உள்வீதி ஒன்றின் முனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வருவார்கள். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது; ஆனால் அதன்மேல் கார்கள் படுத்திருக்கின்றன. ஆகவே பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். எதிரே தவறான பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வருகிறது. பேரனைக் கூட்டி வரும் தாத்தா ஒருவர், இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் பேரனைத் தள்ளிவிட்டு, தாம் வெளியே நிற்கிறார். தினமும் நடக்கும் காட்சி இது. நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரமும் அதுவே.

அதே முனையில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். ஜனக்புரியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறார். டில்லியில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லையே, சௌகரியம்தானே என்று கேட்டேன்.

"டிக்கெட்டுக்குக் காசு இல்லை சார். ஆனா பஸ் நிக்கிற இடத்துக்குப் போக பேட்டரி வண்டிக்குப் பத்து ரூபா, வரப் பத்து ரூபா. அதை யாரு குடுப்பா?"

"நடந்து போகக்கூடாதாம்மா?"

"நடந்துதான் போயிட்டிருந்தேன். போன குளிர்காலத்துலே சாயங்காலம் இருட்டிலே பைக்கு ஒண்ணு இடிச்சிட்டுப் போயிட்டான். கை ஒரு மாசம் கட்டிலே இருந்துச்சு. ஒரு வீட்டு வேலையும் போச்சு."

மாதம் 26 நாள் வேலை என்றால் 520 ரூபாய். கட்டணமில்லாத பஸ்ஸில் ஏறுவதற்கு அவர் கொடுக்கும் கட்டணம் அது.

பஸ் வசதி ஒரு பிரச்னை, வீதியில் விபத்து வேறொரு பிரச்னை என்றே நாம் பேசி வருகிறோம். அந்த அம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்திரமாக நடந்து போய்ச் சேர முடியாத இடத்தில் பஸ் நின்றால் அவருக்கு அது நிற்காத பஸ்.

மாருதிக்கு முந்திய வீதிகள்

டி.டி.ஏ. இந்தக் காலனியை எழுப்பியது 1970களில். வடக்கே நஜப்கர் ரோடு, தெற்கே பங்கா ரோடு. நடுவே பூங்காக்களும் பிளாக்குகளுமாகப் பரந்த குடியிருப்பு. மாருதி கார் விற்பனைக்கு வந்ததே 1983 டிசம்பரில்தான். ஸ்கூட்டர் வைத்திருப்பவரே பணக்காரர் என்ற காலத்தில் போட்ட தெருக்கள் இவை. இன்று மாடிக்கு ஒரு கார். கார்கள் நடைபாதையை எடுத்துக்கொண்டன, மனிதர்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மெட்ரோ வந்தது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. 2005 டிசம்பர் 31ல் ஜனக்புரி கிழக்கு, மேற்கு நிலையங்கள் திறந்தன. 2018 மே மாதம் மற்றொரு பாதையும் இணைந்தபின், மலை மந்திர் முருகனைச் சேவிக்க ஆர்.கே.புரம் போவது எளிதாகிவிட்டது. ஆனால் மெட்ரோவும் காலனியின் ஓரங்களில்தான் நிற்கிறது. நடு பிளாக்குகளிலிருந்து அங்கே போய்ச் சேருவது அவரவர் பாடு.

ரயில்வேக்காரன் என்பதால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். டில்லியைச் சுற்றி ஒரு வட்ட ரயில் பாதை உண்டு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி அதைச் சீர்படுத்திப் பயணி வண்டிகளை விட்டார்கள். தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது. ஸ்டேஷனுக்குப் போக நல்ல பாதையோ இணைப்பு பஸ்ஸோ பல இடங்களில் இல்லை. ஜனங்கள் அதை மறந்தே போனார்கள். நம்மவர்களிலேயே இருபது வருடம் டில்லியில் இருந்தும் அதில் ஏறாதவர்கள்தான் அதிகம்.

ஊரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தமிழ்நாட்டில் 1997ல் மினி பஸ் திட்டம் வந்தது. பெரிய பஸ் நுழையாத ஊர்களை அது மெயின் ரோட்டோடு சேர்த்தது. சென்னையில் 2013 அக்டோபரில் உட்தெருக்களுக்குச் சிறிய பஸ் விட்டார்கள். டில்லியிலும் 2025 மே 2ந் தேதி 400 சிறிய மின்சார பஸ்கள் புறப்பட்டன. ஒன்பது மீட்டர் நீளம், பெயர் 'தேவி'. "தேவி வந்தாளா?" என்று நம் மாமிகள் கேட்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பஸ் வழித்தடங்களைத் திருத்தியமைக்க டில்லி ஐ.ஐ.டி.யின் உதவியும் நாடப்பட்டது. ஆகவே ஜனக்புரியின் நடு பிளாக்குகள் வழியாக ஒரு சிறிய பஸ் என்பது ஆகாத காரியமல்ல.

"உள்ளே பஸ்ஸா? வேண்டாம்!"

ஆனால் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒன்றில் நான் இதைச் சொன்னபோது, உள்ளே பஸ் வந்தால் வெளியாட்கள் வருவார்கள், குழந்தைகளுக்கு ஆபத்து என்றார்கள். வெளியாட்கள் என்றால் யார்? காலையில் நம் வீட்டு வாசலைப் பெருக்குகிறவர்களும், நம் வயோதிகர்களுக்கு ஊசி போட வரும் நர்சும்தான். அவர்கள் இப்போதும் வரத்தான் வருகிறார்கள்.

குழந்தைகளுக்கு ஆபத்து என்பதை மட்டும் தள்ளிவிட முடியாது. அது வேகத்தைப் பொறுத்தது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் முன் குழந்தை குறுக்கிட்டால், ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு விநாடி, பிறகு பிரேக். உலர்ந்த ரோட்டில் சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த 13 மீட்டரில் அவர் கால் இன்னும் பிரேக்கில் அழுந்தியே இருக்காது. வண்டி நிற்க சுமார் 28 மீட்டர் வேண்டும். டில்லியில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் பாதசாரிகள். குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று டில்லி போக்குவரத்துப் போலீஸ் 2021ல் அறிவித்திருக்கிறது. நம் உள்வீதியில் காலையில் பறக்கும் கார்கள் அதை மதிப்பதாகத் தெரியவில்லை. நிதானமாக வந்து போகும் ஒரு பஸ்ஸைவிட அவைதான் எனக்குப் பயம்.

அறிவிப்பு போதாது என்றுதான் அவரவர் வீட்டு முன் சிமெண்டைக் குவித்து வேகத்தடை போட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்கு அளவு வகுத்திருக்கிறது: பாதையின் போக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் உலுக்காது. அதற்கு மேல் போனால் உலுக்கும். நம் தெருவில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் ஒரு சாண் உயரம்! ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கும், முதுகுவலிக்காரருக்கும் அது தண்டனை. பைக் ஓட்டும் பையன்களோ ஓரத்து இடைவெளியில் நழுவிப் போகிறார்கள். தாழ்தள பஸ்ஸுக்கு அடிப்பாகம் தட்டும். ஆக, பத்திரத்துக்கு என்று போட்ட மேடே பஸ்ஸை உள்ளே வரவிடாமல் செய்கிறது.

ஹாலந்து நாட்டில் 1971ல் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள். தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். டெல்ஃப்ட் நகரில் தெருவை வளைத்து, மரம் வைத்து, கார் நடை வேகத்தில்தான் போக முடியும் என்று ஆக்கினார்கள். 1976ல் அது சட்டமாயிற்று. அங்கே கார் ஒழியவில்லை. அடங்கி நடக்கிறது, அவ்வளவுதான்.

இரும்புக் கதவுகளையும் சொல்லியாக வேண்டும். திருட்டுக்குப் பயந்து பிளாக்குக்குப் பிளாக் கதவு போட்டோம். சரி. ஆனால் இரவு பூட்டியபின், மெட்ரோவில் வந்து இறங்கும் குமாஸ்தா ஒரு தெருவைக் கடப்பதற்கு மூன்று தெரு சுற்ற வேண்டியிருக்கிறது. கார் நுழையாமல் ஆள் மட்டும் நுழைய ஒரு சிறு திட்டிவாசல் விட்டால் என்ன குறைந்துவிடும்?

மனு நான்கு பிரதி

யாரிடம் கேட்பது என்பதுதான் டில்லியின் தலைவலி. பஸ் டில்லி அரசாங்கத்தைச் சேர்ந்தது. அகலமான ரோடு பொதுப்பணித் துறை, குறுகலான தெரு மாநகராட்சி. போலீசோ மத்திய உள்துறையின் கீழ். நம்மவர்கள் ஓர் ஆபீசில் கொடுத்துவிட்டு, "நம்முடையதல்ல" என்ற பதிலோடு திரும்பிவிடுவார்கள். ஆகவே ஹிந்தியில் ஒரே மனுவை நான்கு பிரதி எடுத்திருக்கிறோம். நடு பிளாக்குகள் வழியாக மெட்ரோ நிலையத்துக்கும் பங்கா ரோட்டுக்கும் சிறிய பஸ், பள்ளிக்கூடத் தெருவில் அளவுப்படி வேகத்தடை, காலை மாலை நடைபாதையில் கார் நிறுத்தத் தடை, எரியாத தெருவிளக்குகளுக்குப் பல்ப் என்று கேட்டிருக்கிறோம். பெரிய கோரிக்கை எதுவுமில்லை.

2025 ஜூனில் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நம் ஜனங்களில் ஒரு பகுதியினருக்கு மாற்றுவீடு கிடைத்தது நரேலாவில். வேலை செய்த வீடுகள் ஒரு மூலையில், குடியிருக்கும் வீடு மறுமூலையில். பஸ் இல்லையேல் வேலை இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனுவில் இதுவரை 41 கையெழுத்து. கள்ளக்குறிச்சி அம்மாளும் போட்டார். "தமிழ்லே போட்டா செல்லுமா சார்?" என்றார். செல்லும் என்றேன். கைக்கட்டு பிரித்த விரல்களால் நிதானமாக எழுதினார். குடியிருப்போர் சங்கத்திலும் கையெழுத்து கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பூங்காவில் மனுவோடு இருப்போம். அடுத்த பிளாக் அன்பர்களும் வரலாம். கையோடு ஒரு பேனாவும் கொண்டு வந்தால் நல்லது, போனமுறை இருந்த ஒரு பேனாவும் பாதியில் தீர்ந்துவிட்டது.