நேர்முகத் தேர்வும் நெஞ்சுரமும்

நேர்முகத் தேர்வு என்றவுடன், தமிழ் பயின்ற மாணவர் பலர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சக் காண்கிறோம். ஆயின், இந்தியக் குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர், நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண்கள், நேர்முகத்திற்கு 275. அங்கே அளக்கப்பெறுவது மனப்பாடமன்று. சிந்தனைத் தெளிவும் நேர்மையுமே.

வினாக்கள் பல, நாம் நிரப்பிய விண்ணப்பத்திலிருந்தே பிறக்கும். ஆதலின் சொந்த ஊரையும் பயின்ற பாடத்தையும் ஐயமற அறிந்திருத்தல் வேண்டும். தமிழிலக்கியம் பயின்றோம் என்போர், சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களையேனும் விளக்கவல்லராதல் நன்று.

நண்பரை வினவச் செய்து, வாய்விட்டு விடைகூறிப் பழகுவோம். அறியாததை ‘அறியேன்’ எனப் பணிவுடன் ஒப்புவோம், அதுவும் நெஞ்சுரமே. முயற்சி நம் கடன். முடிவு இறைவன் நாட்டம்.