மனச்சோர்வு: ரத்தத்தில் எவ்வளவு, ரத்த சொந்தத்தில் எவ்வளவு?

மணப்பாறைப் பக்கம் என் பெரியம்மா வீடு. அங்கே போனால், அடுப்படி அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்கும் உப்புச் சாடிக்கும் நடுவே ஒரு காகித கவர் எப்போதும் இருக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் “கலந்து” கொடுத்த மாத்திரை. அட்டையைக் கத்தரித்து, பெயர் தெரியாதபடி ஒவ்வொன்றாக உதிர்த்துப் போட்டிருப்பார்கள். காலையில் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை; இரவில் ஒரு வெள்ளை. வலி பறந்துபோனது. முகமும் பூரித்து வட்டமானது. “உடம்பு தேறிடுச்சே” என்று ஊரே சந்தோஷப்பட்டது.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் பெரியம்மா சொன்னார்: “மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதுப்பா. பால்காரர் மணியடிக்கிற வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. விடிஞ்சா எந்திரிக்கவே பிடிக்கல.” சமைப்பதை நிறுத்தினார். பேரன் வந்து மடியில் உட்கார்ந்தாலும் முகத்தில் ஒரு அசைவு இல்லை. “செத்துப் போனா நல்லாயிருக்கும்” என்று ஒருநாள் சொன்னபோதுதான் வீடு விழித்துக்கொண்டது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, “வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? கவரோட கொண்டு வாங்க” என்பதைத்தான். அந்த வெள்ளை மாத்திரை டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. நம் உடம்பே சுரக்கிற கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் வேலையைப் பல மடங்கு வீரியத்தோடு செய்கிற மருந்து அது.

கார்டிசால் கெட்ட பொருள் அல்ல. அது இல்லாமல் உயிர் தங்காது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்கிறது. விடியற்காலையில் கார்டிசால் ஏறத் தொடங்கி, விழித்த அரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரவுக்குள் படிப்படியாக இறங்கிவிடும். நாய் துரத்தினாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும் சட்டென்று ஏறும். போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்டிசாலே மூளைக்குப் போய் “போதும், நிறுத்து” என்று சொல்லும். அதுதான் இந்த ஏற்பாட்டின் பிரேக்.

மாதக்கணக்கில் விடாத நெருக்கடி, அடி உதை, பசி, தூக்கமின்மை என்று போனால் சிலருக்கு அந்த பிரேக் தேய்ந்துவிடுகிறது. கார்டிசால் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. தூக்கம், பசி, ஞாபகம், ஆசை எல்லாவற்றிலும் அது கை வைக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948ல் பிலிப் ஹென்ச் முதன்முறையாக மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனைக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950ல் அவருக்கும் விஞ்ஞானிகள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே மருந்து சிலரைக் காரணமில்லாத குதூகலத்திலும், சிலரை ஆழ்ந்த சோர்விலும், சிலரை மனக்குழப்பத்திலும் தள்ளுவதை மருத்துவர்கள் சீக்கிரமே பார்த்துவிட்டார்கள். ஒரு ஹார்மோன் மனதைப் புரட்டிப்போட முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். “மனசை தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாகும்” என்று அறிவுரை சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காக எல்லா மனச்சோர்வும் கார்டிசால் கூடியதால் வருவதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் “ஸ்ட்ரெஸ் ஹார்மோன் டெஸ்ட்” என்ற பெயரில் லேப் பேக்கேஜ் விளம்பரங்கள் நம் கைபேசிக்கே வருகின்றன. மனச்சோர்வைக் கார்டிசாலை வைத்துக் கண்டுபிடிக்கும் முயற்சி புதிதல்ல. இரவில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் கார்டிசால் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை பெர்னார்ட் கேரல் குழுவினர் 1981ல் முன்வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறங்கவில்லை. மீதிப் பாதிக்கு ஒழுங்காக இறங்கியது. எடை குறைந்தவர்களுக்கும், குடியை நிறுத்தியவர்களுக்கும், மறதி நோய் உள்ளவர்களுக்கும்கூட அது இறங்காமல் இருந்தது. ஆகவே நோயைக் கண்டறியும் சோதனையாக அது நிலைக்கவில்லை. இந்த ஹார்மோன் பாதையை அடைக்கிற மருந்துகளையும் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையாகும் அளவுக்கு அவை கைகொடுக்கவில்லை.

உங்கள் பணத்தை வேறு சோதனைகளுக்குச் செலவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். இவற்றை அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இதை ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்கிறேன்: வெகுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் நம் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடிதான் இறக்க வேண்டும்.

மாத்திரை குறைந்தும் சோர்வு முழுசாகப் போகவில்லை. அப்போதுதான் மருத்துவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். பாட்டி ஒரு காலத்தில் ஒரு வருஷம் மூலையிலேயே படுத்துக் கிடந்ததையும், “காத்து கருப்பு” என்று மந்திரித்ததையும் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியே வந்ததும் பெரியம்மா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப எனக்கும் வருமாண்ணா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?”

அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மனச்சோர்வு சிலருக்கு வருவதற்கும் சிலருக்கு வராததற்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 37 சதவீதம் மரபணு சார்ந்தது. “அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் உறுதி” என்று பேச இதில் இடமில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடலாம். அப்படியும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. மனச்சோர்வுக்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது. செரட்டோனினைக் கையாளும் ஒரு மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்கள் நெருக்கடி வந்தால் மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று 2003ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. 2019ல் லட்சக்கணக்கானவர்களின் தரவைச் சலித்துப் பார்த்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை. 2025ல் வெளியான, 29 நாடுகளின் தரவைத் திரட்டிய ஆய்வு ஏறத்தாழ 700 மரபணு மாறுபாடுகளைக் காட்டுகிறது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு.

ஹார்மோனும் மரபணுவும் ஒன்றையொன்று தொடுகிற இடமும் ஆராயப்பட்டிருக்கிறது. எஃப்கேபிபி5 என்ற மரபணு அந்தக் கார்டிசால் பிரேக்கோடு தொடர்புடையது. அதன் ஒரு வகையைக் கொண்டவர்கள் சின்ன வயதில் கொடுமைக்கு ஆளாகியிருந்தால், அந்த மரபணு இயங்கும் விதமே மாறிப்போவதாக 2013ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இதில் தெரிகிற பாடம் ஜாதகம் பற்றியதல்ல, வளர்ப்பு பற்றியது. பிள்ளைகளை அடித்து வளர்ப்பதைப் பெருமையாகப் பேசும் வீடுகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று எச்சிலை வைத்துச் சொல்கிறோம் என்கிற மரபணுப் பரிசோதனைகளும் விற்கின்றன. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி சிலருக்கு மந்தமாக இருக்கும். அதற்கான மரபணு மாறுபாடு ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். நொதி மந்தமாக உள்ளவர்களுக்குக் குறைந்த அளவே போதும். ஆனால் 2022ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் சுமார் 1,900 பேரிடம் நடந்த ஆய்வில், சோதனையைப் பார்த்து மருந்து கொடுத்ததால் ஆரம்பத்தில் கிடைத்த சிறு பலன் 24 வாரத்தில் நிற்கவில்லை. சின்ன அளவில் தொடங்கி, பக்கவிளைவை மருத்துவரிடம் சொல்லி, அளவை மாற்றிக்கொள்வதே இன்றைக்கும் நல்ல வழி. கடன் வாங்கி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை போல அன்றே கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். முதல் மருந்து ஒத்துவராமல் போவது சகஜம், அடுத்தது இருக்கிறது. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்; நிறுத்தும்போது படிப்படியாக. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால் வீட்டார் கூடவே இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது அளவுமீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள் என்று இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது இருதுருவ மனநோயின் அடையாளமாக இருக்கலாம்; அந்த நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை எதிர்த்திசையில் பாயலாம். தூக்கத்துக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் மனச்சோர்வுக்கு மருந்தல்ல, பழக்கமாகிவிடும். லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் மருந்துக்கு ஈடாக வேலை செய்கிறது. மரபணு காரணம் என்றால் பேசி என்ன பயன் என்று நினைக்க வேண்டாம்.

உரிமை என்று பார்த்தால் நம் கையில் நல்ல சட்டம் இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 29 மே 2018. அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை 18ஆம் பிரிவு உரிமையாக்குகிறது. 21ஆம் பிரிவின்படி உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். “மனநோய்க்கு க்ளெய்ம் கிடையாது” என்று காப்பீட்டு நிறுவனம் சொன்னால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள், கட்டணம் இல்லை. பரம்பரையில் மனநோய் என்று காரணம் காட்டினாலும் விடாதீர்கள். மரபணுவைச் சொல்லி ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018லேயே கூறியிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமோ என்ற அந்தப் பயத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. 23ஆம் பிரிவின்படி உங்கள் நோய் விவரம் ரகசியம்; மருத்துவமனை அதை மூன்றாம் மனிதரிடம் சொல்லக் கூடாது. உங்கள் குறிப்புகளை நீங்கள் கேட்டுப் பெறலாம். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்களே, அந்தச் சாவுகளை மறக்காத யாருக்கும் இந்த வரியின் கனம் தெரியும். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன், 2015–16ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. இன்று அப்படி இருக்கத் தேவையில்லை: தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம்.

பெரியம்மா இப்போது காலையில் கோலம் போடுகிறார். மூட்டு வலி இருக்கிறது. அதற்கு முறையாக வைத்தியம் பார்க்கிறார். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியில் பெயர் இல்லாத மாத்திரைக் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது சிரிக்காமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், அல்லது சாவைப் பற்றி ஒருமுறை பேசினாலும், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.