மாயாவிக்குப் பழுப்பேறுவது ஏன்?

சீர்காழிப் பக்கத்து வீடொன்றில், பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டிக்குள் பழைய முத்து காமிக்ஸ் இருந்தால் முதலில் கண்டுகொள்வது மூக்குதான். லேசாக வெனிலா கலந்த அந்த வாசனை, தாள் மெல்லச் சிதைவதால் எழுவது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அதைப் படித்துவிட்டு பிளக் பாயிண்டை ஏக்கத்தோடு பார்த்த பிள்ளைகள் பலருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கதைகளைச் சுமந்தது மலிவான நியூஸ்பிரிண்ட், அதாவது சாணித்தாள். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குவதால் அதில் லிக்னின் நீங்காமல் தங்கிவிடும். மர நார்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் பொருள் அது. வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பாகும். கூடவே அமிலமும் உண்டாகும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே போக, மடித்த இடம் அப்பளமாக நொறுங்குகிறது. காற்று முதலில் தொடுவது ஓரத்தை என்பதால்தான் நடுப்பக்கம் வெளிறியிருக்கும்போதே ஓரம் கருத்துவிடுகிறது.

டெல்டாவின் ஈரம் இதற்குத் துணைபோகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஸ்டேப்பிள் பின் துருவேறி நடுத்தாளை அரிக்கும். பசையைத் தேடி ராமபாணப் பூச்சி முதுகுப்பக்கம் குடியேறும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே, அதைப்போன்ற மழையில் பெட்டியே நனைந்துவிட்டால்?

பதறிப்போய் வெயிலில் போடாதீர்கள். பழுப்பு இன்னும் விரைவாக ஏறும். ஒட்டிய பக்கங்களை இழுக்கவும் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து, அதை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். இரண்டு நாளில் பூஞ்சை தலைகாட்டிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாது என்றால், மிச்சத்தை பாலித்தீன் பையில் சுற்றி பிரீசரில் வையுங்கள். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் ஒட்டவே கூடாது. சில வருஷங்களில் பசை மஞ்சளாகக் கசிந்து படத்தையே கறையாக்கிவிடும்.

மாயாவி கதைகள் சிவகாசியிலேயே நல்ல தாளில் மறுபதிப்பாகியிருக்கின்றன. திரும்பத் திரும்பப் படிக்க அவை இருக்கட்டும். பழைய இதழ்களை ஒருமுறை மொபைலில் படமெடுத்துவிட்டு, அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பரணுக்கு மறுபடி ஏற்ற வேண்டாம். அங்கே தேங்கும் வெப்பம் சிதைவை முடுக்கிவிடும்.