ஆறு பேருக்கு ஒரு சீனியர்... உங்கள் பிள்ளையின் கல்லூரியில் இந்தக் குழு இருக்கிறதா?

புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பொம்மையார்பாளையம். இதுபோன்ற கடலோர ஊரிலிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை மாணவருக்கு, பாடத்தைவிடப் பெரிய குழப்பங்கள் உண்டு. அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டர் எழுதலாமா? 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களின் 1,000 ரூபாய் வரவில்லையென்றால் யாரைப் பார்ப்பது?

வீட்டில் சொல்ல ஆளில்லை. பேராசிரியரிடம் கேட்கக் கூச்சம். கேட்காமலே கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இத்தனைக்கும் பதில் தெரிந்தவர், பக்கத்து வகுப்பில் இருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்தான்!

விதியிலேயே இருக்கிறது

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் யு.ஜி.சி வெளியிட்ட ராகிங் தடுப்பு விதிகள், தண்டனையோடு இன்னொன்றையும் சொல்கின்றன. தன்னார்வ மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு கல்லூரியும் வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். 6 புதியவர்களுக்கு ஒரு சீனியர். அப்படி 6 சீனியர்களுக்கு அவர்களைவிட மூத்த மாணவர் ஒருவர். 300 பேர் சேரும் கல்லூரிக்கு 50 வழிகாட்டிகளும், அவர்களுக்கு மேல் 9 பேரும் போதும்.

எப்படி அமைக்கலாம்?

* முதல் மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அரியரிலிருந்து மீண்டவர், தினமும் பஸ்ஸில் வருபவர், உதவித்தொகை பெறுபவர் எனக் கலந்து எடுக்கலாம்.

* 'ஏதாவது என்றால் வா' என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். முதல் வாரம், முதல் இன்டர்னலுக்கு முன்பு, தேர்வுக் கட்டணம் கட்டும் நேரம் என சந்திப்புகளை முன்பே குறிக்க வேண்டும். மாலையில் பஸ் பிடிக்க ஓடுபவர்களுக்கு மதிய உணவு இடைவேளையே வசதி.

* வழிகாட்டியின் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். அவர் வழியைச் சொல்லலாம். முடிவு எடுக்கக் கூடாது, பணம் வாங்கக் கூடாது. ராகிங் புகாருக்கு 1800-180-5522, மனஉளைச்சலுக்கு 14416 எண்களைக் கைகாட்டலாம். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால், ரகசியம் காக்காமல் உடனே பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

* வரும் கேள்விகளை, பெயர் இல்லாமல் குறித்துவைக்கலாம். ஒரே கேள்வி 20 பேரிடமிருந்து வந்தால், சரிசெய்ய வேண்டியது மாணவர்களை அல்ல, அலுவலக நடைமுறையை.

பெற்றோர்களே... அட்மிஷன் அன்று ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் பற்றி விசாரிக்கும்போது, 'என் பிள்ளைக்கு வழிகாட்டி மாணவர் யார்?' என்றும் கேளுங்கள்.