கணினி ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமை: நோர்வேக் காட்டில் நடக்கத் தொடங்கிய கதை

பகலில் ஒரு வேலை. மாலையிலும் சனிக்கிழமையிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. ஒஸ்லோவில் எங்களில் சிலர் பல ஆண்டுகளாக இப்படித்தான் வாழ்கிறோம். 2020 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் நிரலாக்கம் கணிதத்தோடு சேர்க்கப்பட்ட பின்னர், "பைத்தன் சொல்லிக் குடுப்பியளோ?" என்று கேட்டு வரும் பெற்றோரும் கூடிவிட்டார்கள். எங்கள் பெற்றோரும் இதே அக்கறையோடுதான் எங்களை ரியூசனுக்கு அனுப்பினார்கள். ஆகவே மறுக்க மனம் வருவதில்லை.

ஆனால் வாரம் முழுக்கத் திரைக்கு முன்னால் இருந்தால் உடம்பு சும்மா இருக்காது. எங்களில் ஒருவருக்குக் கழுத்துப் பிடித்து, வலது கை விறைக்கத் தொடங்கியது. இன்னொருவருக்கு இரவில் நித்திரை இல்லை. மருந்து எழுதித் தருவார் என்று வைத்தியரிடம் போனால், "ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். வகுப்புக்குக் குறிப்பு எழுதுகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். திறக்காமல் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் காட்டில் நடக்கத் தொடங்கினோம்.

எங்கள் மக்களுக்கு இது புதிய பழக்கம். 1980களில் வந்த எங்கள் மூத்தவர்கள் பலர், வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றவர்கள். வெளியே போவதென்றால் அவர்களுக்குக் குளிரும் வேலையும்தான். சும்மா நடப்பதற்காகக் காட்டுக்குப் போவது வெள்ளைக்காரர் பழக்கம் என்றே நாங்களும் நினைத்திருந்தோம்.

காடு யாருடையது?

"அது ஆரின்ரையோ காணி, உள்ளுக்குப் போனால் பிடிக்க மாட்டினமோ?" பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பிடிக்க மாட்டார்கள். 1957 இல் வந்த சட்டம் ஒன்று, பயிர் செய்யப்படாத நிலத்தில் யாரும் நடந்து திரியும் உரிமையை உறுதி செய்கிறது. நிலம் தனியாருடையது என்றாலும் இந்த உரிமை உண்டு. பிரசாவுரிமை தேவையில்லை, கட்டணமும் இல்லை. பெரிகளும் காளான்களும் பிடுங்கலாம். கூடாரம் அடிப்பதென்றால், ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்தோ கோடைக்குடிலில் இருந்தோ குறைந்தது 150 மீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். வயலும் வீட்டு முற்றமும் இதற்குள் அடங்கா. ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் அதை அண்டிய இடங்களிலும் தீ மூட்டுவது பொதுவாகத் தடை.

எங்கே தொடங்கலாம்?

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்குக் கார் தேவையில்லை. மெற்றோவில் சொக்ன்ஸ்வான் கடைசித் தரிப்பிடம் வரை போனால் ஏரிக்கரை. ஏரியைச் சுற்றிய பாதை ஏறக்குறைய 3.3 கிலோமீற்றர், மேடு பள்ளம் குறைவு. குழந்தை வண்டியையும் தள்ளிக்கொண்டு போகலாம். பழகிய பின்னர் உள்ளே நோர்ட்மார்க்கா காட்டுக்குள் போகலாம். மரங்களில் நீல நிற அடையாளம் கண்டால் அது நடைபாதை. சிவப்பு, பனிச்சறுக்குப் பாதை. மலைப் பகுதிகளில் கற்குவியல்களில் சிவப்பு நிறத்தில் 'ரீ' எழுத்தைப் பார்ப்பீர்கள். அது 1868 இல் தொடங்கிய நோர்வே மலையேறுவோர் சங்கத்தின் அடையாளம்.

உடுப்புக்கு அதிக காசு செலவழிக்க வேண்டாம். உள்ளே பருத்தி போடாதீர்கள், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் ஏறும். கம்பளி நல்லது, நனைந்தாலும் சூடு தரும். மேலே காற்றும் மழையும் புகாத ஒரு சட்டை போதும். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குக் கட்டை, முதுகுப்பை போன்றவற்றை இலவசமாக இரவல் தரும் 'புஆ' நிலையங்கள் பல நகரங்களில் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை இரண்டு. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதடியில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். காளானை ஊரில் கண்டதுபோல இருக்கிறதென்று சமைக்க வேண்டாம். உயிரைக் கொல்லும் வெள்ளைக் காளான் வகையும் இங்கே உண்டு. இலையுதிர் காலத்து வார இறுதிகளில், ஆட்கள் அதிகம் போகும் காட்டு வாசல்களில் காளான் அறிந்தவர்கள் இருந்து இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

பாலைப்பழம்

ஒரு வருடம் கழித்து, வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினோம். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோரை இணங்க வைக்க அதையே சொன்னோம்.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள். பிள்ளைகள் கருநீலப் பெரி பிடுங்கப் பாதையை விட்டுச் செடிகளுக்குள் இறங்கினார்கள். ஒரு தாய் திடீரெனக் கத்தினார். "இறங்காதையுங்கோ! பாதையிலை நில்லுங்கோ!" பிள்ளைகள் திகைத்துப்போய் நின்றார்கள். அவர் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர். பிறகு எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "இஞ்சை மிதிவெடி இல்லையெண்டு தெரியும் தம்பி. கால்தான் கேக்குதில்லை."

நோர்வேயின் மலை விதிகள் ஒன்பது. நேரத்தோடு திரும்பி விடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதில் ஒன்று. அன்று பாதி வழியில் எல்லோரும் திரும்பினோம்.

அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த முறையும் வந்தார். மூன்றாம் முறை, பாதையில் நின்றபடியே கையை நீட்டி ஓரச் செடியில் ஒரு பெரியைப் பிடுங்கி வாயில் போட்டார். பிறகு மகனிடம் வன்னிக் காட்டுப் பாலைப்பழத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளுமாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிடுங்கித் தின்றுவிட்டு, வீட்டில் பேச்சு வாங்குவார்களாம். வன்னி என்றால் போர் என்று மட்டும் கேட்டு வளர்ந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன், திரும்பி வரும் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். வகுப்பில் அவன் அவ்வளவு கேள்வி கேட்டதை நாங்கள் கண்டதில்லை.

அந்தத் தாய் இன்னமும் பாதையை விட்டு இறங்குவதில்லை. இறங்கச் சொல்லி நாங்களும் கேட்பதில்லை.

எங்களில் கழுத்துப் பிடித்தவருக்கு இப்போது வலி குறைவு. நித்திரை இல்லாதவர் ஞாயிறு இரவுகளில் நன்றாகத் தூங்குகிறார். வகுப்புகள் தொடர்கின்றன. பிள்ளையை வகுப்புக்குச் சேர்க்க வரும் பெற்றோரிடம் நாங்கள் இப்போது சேர்த்துக் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களோடு வாருங்கள். சோற்றுப் பொதியும் ஒரு போத்தல் தேத்தண்ணீரும் கொண்டுவந்தால் போதும்.