ஆச்சி கழுத்துல ஸ்க்ரூ... பிடிச்சு நிக்குமா?

கடம்பூர்க் கரிசலில் ஈரம் இருக்கும்போது ஊன்றிய வேலிக்கால், கோடையில் மண் வெடிச்சதும் ஆட ஆரம்பிக்கும். கால்ல குறை இல்லை, மண்ணுல பிடிமானம் போச்சு. ஆஸ்டியோபோரோசிஸ் வந்த கழுத்தெலும்பில் ஸ்க்ரூ போடுற சர்ஜன்களுக்கும் இதே சிக்கல்தான். (மூட்டுவலியையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்'னு சொல்லிடுறோம். இது வேற, எலும்பின் அடர்த்தியே குறையுறது.)

கழுத்தில் 7 எலும்புகள். வயசானவங்க பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலே, இரண்டாவது எலும்பில் முளை மாதிரி நிற்கும் பகுதி உடையலாம். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. சிலருக்கு காலர் போதும். எலும்பு விலகியிருந்தாலோ, தண்டுவடம் அழுந்தினாலோ ஸ்க்ரூவும் கம்பியும் தேவைப்படலாம்.

வழக்கமா எலும்பின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போடுவாங்க. தடிமன் சுமார் 3.5 மில்லிமீட்டர்தான். அடர்த்தி குறைஞ்ச எலும்பில் அது தளர்ந்து வெளியே வந்துடலாம். அதனால கூடுதலா ஒண்ணு ரெண்டு எலும்பையும் சேர்த்துப் பிணைப்பாங்க. இல்லைன்னா, பெடிக்கிள் என்ற குறுகலான பகுதி வழியா நீளமான ஸ்க்ரூவை இறக்குவாங்க. பிடி நல்லா இருக்கும். ஆனா, ஒட்டியே மூளைக்குப் போற ரத்தக்குழாய்! கம்ப்யூட்டர் நேவிகேஷன் உதவியோட இந்த ஸ்க்ரூவைப் பொருத்துறது பற்றி கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள் ஆய்வுக்கட்டுரைகளே எழுதியிருக்காங்க.

ஆனா, ஸ்க்ரூ எந்த பிராண்டுன்னு விசாரிக்கிற நாம எலும்பைப் பற்றிக் கேட்கிறதில்லை. 'டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?'னு கேளுங்க. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழேன்னா ஆஸ்டியோபோரோசிஸ். அவசரமில்லாத ஆபரேஷன்னா, டெரிபாரடைடு மாதிரி எலும்பை வளர்க்கிற ஊசியைச் சில மாதம் போட்டுட்டு வரச் சொல்லலாம். ஆச்சி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, அந்தச் சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.